செம்பும் களிம்பும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பாலவாக்கத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே அம்மன் பாட்டு தொடங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கிப் போகும் தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது மிக மெல்லிய இரட்டை ஒயர். முருங்கைக் கிளையில் ஒரு சுற்று, மொட்டைமாடிக் கைப்பிடியில் ஒரு முடிச்சு, அப்படியே கோயில் வாசலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வரை. கடைசிக் குழாய் நூறு மீட்டர் தள்ளி இருந்தாலும் பாட்டு கணீரென்று கேட்கிறது.

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனால் கதை வேறு. பத்து மீட்டர் தூரத்துக்கே சுண்டுவிரல் தடிமனில் ஒரு ஒயரை எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். முனையில் தங்கமுலாம் பூசிய பிளக். விலை, சில சமயம் ஸ்பீக்கரின் விலையோடு போட்டி போடுகிறது. தெருவுக்கு நூலிழை போதும், ஹாலுக்குக் கயிறு வேண்டுமா?

எனக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. நல்ல தடிமனான ஒயரைத்தான் போட்டிருந்தேன். மூன்று வருடம் குறையில்லாமல் பாடிய இடதுபக்க ஸ்பீக்கர், நாலாம் வருட மழைக்காலத்தில் மங்கத் தொடங்கியது. சில நாள் கரகரப்பு. பின்பக்கம் கைவைத்து ஒயரை அசைத்தால் சரியாகும், மறுநாள் மறுபடி மங்கும். ஒயர் அதேதான், தடிமன் அதேதான். என்ன மாறியது?

இரண்டு கேள்விகளுக்கும் விடை செம்பில்தான் இருக்கிறது. ஆனால் முதல் விடை ஒயரின் நீளத்தில், இரண்டாவது அதன் முனையில்.

நோட்டும் சில்லறையும்

மைக் செட் போடும் அண்ணனிடமே கேட்டேன். "இவ்வளவு மெல்லிசு ஒயர்ல எப்படிண்ணே அவ்ளோ தூரம் போகுது?"

"லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு சார். ஆம்ப்ளிஃபயர்ல நூறு வோல்ட்டுல விடுவேன். ஒவ்வொரு குழாய்லயும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இறக்கிக்கும்."

முழு அறிவியலும் அந்த இரண்டு வரியில் அடங்கிவிட்டது. இரண்டாயிரம் ரூபாயைப் பத்து ரூபாய் நோட்டுகளாகக் கொண்டு போனால் பை வீங்கும். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாக என்றால் சட்டைப்பை போதும். மின்சக்தியும் அப்படித்தான். ஒரே அளவு சக்தியைக் குறைந்த வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் அதிகம் ஓட வேண்டும். கூடுதல் வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் குறையும். ஒயரைச் சூடாக்கி வீணாவது வோல்ட்டைப் பொறுத்ததல்ல, ஓடும் ஆம்பியரைப் பொறுத்தது. அதுவும் ஆம்பியர் இரண்டு மடங்கானால் விரயம் நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

30 வாட் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை நேரடியாக 8 ஓம் ஸ்பீக்கராக ஓட்டினால் சுமார் 15.5 வோல்ட்டில் 1.9 ஆம்பியர் ஓட வேண்டும். நூறு வோல்ட் லைனில் வெறும் 0.3 ஆம்பியர். விரயம் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் நூறு மீட்டர் போய்வந்தால் அதன் தடை ஏழு ஓம். நேரடி இணைப்பில் குழாய்க்குச் சேர வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூடப் போய்ச் சேராது. நூறு வோல்ட் லைனில் சிந்துவது சில சதவீதம்தான். உயர் அழுத்தக் கோபுரங்களில் 400 கிலோவோல்ட்டில் மின்சாரம் சென்னைக்கு வருவதும் இதே கணக்கில்தான். (நூறு வோல்ட் கையில் பட்டால் அதிரும். தெருவில் தொங்கும் மைக் செட் ஒயரைக் குழந்தைகள் பிடித்து இழுக்கவிடாதீர்கள்.)

பிறகு வீட்டில் ஏன் அப்படிச் செய்வதில்லை? அறிவிப்புக்கும் அம்மன் பாட்டுக்கும் குழாயும் சிறு டிரான்ஸ்ஃபார்மரும் போதும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து அடிநாதத்தைக் கெடாமல் கடத்த வேண்டுமானால் பெரிய, விலைமிகுந்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஹாலின் பத்து மீட்டருக்கு அதைவிட ஒயரைக் கொஞ்சம் தடிக்க வைப்பது மலிவு.

எவ்வளவு தடிக்க? இங்கேதான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு ஹால், பத்து மீட்டர்

எங்கள் ஹாலில் டிவி மேசை ஒரு மூலையில். இடது ஸ்பீக்கர் வாசற்கதவைத் தாண்டி அடுத்த சுவரோரம். நேராக அளந்தால் நாலு மீட்டர்தான். ஆனால் ஒயர் நிலைக்கால் ஓரமாக ஏறி, கதவுக்கு மேலே போய், மறுபக்கம் இறங்க வேண்டும். அப்போது பத்து மீட்டர் ஆகிவிடுகிறது. போகும் வழி பத்து, திரும்பும் வழி பத்து. மின்னோட்டம் நடப்பது இருபது மீட்டர். இந்தத் திரும்பும் வழியைத்தான் பெரும்பாலோர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை 0.0172 ஓம். மின்தடை என்பது ஓட்டத்துக்கு உலோகம் காட்டும் தயக்கம். நீளம் கூடினால் தடை கூடும், பரப்பு கூடினால் குறையும். எலக்ட்ரீஷியன் "ஒன்றரை ஸ்கொயர்", "ரெண்டரை ஸ்கொயர்" என்று சொல்வது இந்தக் குறுக்குப் பரப்பைத்தான். ரப்பர் உறையோடு சேர்த்துப் பார்க்கும் பருமனை அல்ல. சுண்டுவிரல் தடிமன் ஒயருக்குள் செம்பு பென்சில் முனையளவே இருக்கலாம்; உறையைத் தடவிப் பார்த்து வாங்கி ஏமாறுவது இங்கேதான்.

இனி மூன்று ஒயர்களை நிறுத்திப் பார்ப்போம். ஹோம் தியேட்டர் பெட்டியோடு இலவசமாக வரும் மெல்லிய சிவப்பு-கறுப்பு ஒயர் பெரும்பாலும் அரை ஸ்கொயர்தான். இருபது மீட்டருக்கு அதன் தடை 0.69 ஓம். ஒன்றரை ஸ்கொயர் என்றால் 0.23 ஓம். இரண்டரை ஸ்கொயர், 0.14 ஓம்.

ஸ்பீக்கர் 8 ஓம். ஆம்ப்ளிஃபயர் தரும் வோல்ட்டேஜை ஒயரும் ஸ்பீக்கரும் தங்கள் ஓம் கணக்குப்படி பங்கு போட்டுக்கொள்கின்றன. அரை ஸ்கொயரில் ஸ்பீக்கருக்குச் சேரும் சக்தி 15 சதவீதம் குறைகிறது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் காது சக்தியை அப்படி எண்ணுவதில்லை. ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் டெசிபெல் கணக்கில் இது 0.7 டெசிபெல். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் ஒரு டெசிபெல்லுக்கும் குறைவான மாற்றத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஒன்றரை ஸ்கொயரில் இழப்பு 0.25 டெசிபெல், இரண்டரையில் 0.15. வால்யூமை ஒரு புள்ளி திருப்பினால் மூன்றும் ஈடாகிவிடும்.

அப்படியானால் இலவச ஒயரே போதுமே என்று தோன்றும். போதாது. காரணம், 8 ஓம் ஸ்பீக்கர் என்று ஒன்று உண்மையில் கிடையாது.

ஒரே ஸ்பீக்கருக்குள் பல ஓம்

பெட்டியின் பின்னால் அச்சிட்டிருக்கும் 8 ஓம் ஒரு பெயரளவு எண். மாறும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மொத்த எதிர்ப்பை மின்மறிப்பு என்பார்கள். அது சுருதிக்குச் சுருதி மாறும். ஊஞ்சலுக்கு இயல்பான ஆட்ட வேகம் ஒன்று இருப்பதுபோல ஸ்பீக்கர் கூம்புக்கும் உண்டு. அந்த அடிநாதத்தில் அது தானாகவே வீசி ஆடும், மிகக் குறைந்த மின்னோட்டமே அதற்குப் போதும். அங்கே மறிப்பு 30 ஓம் வரை ஏறுவது சாதாரணம். வேறு சுருதிகளில் பெயரளவுக்கும் கீழே இறங்கும். 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது சர்வதேசத் தரம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 6.4 ஓம்.

மெல்லிய ஒயர் இந்த மேடுபள்ளத்தை ஒலியாக மாற்றிவிடுகிறது. 30 ஓம் உள்ள சுருதியில் அது விழுங்குவது 0.2 டெசிபெல், 6.4 ஓம் சுருதியில் 0.9 டெசிபெல். ஒரே பாட்டுக்குள் ஒரு பகுதி இன்னொரு பகுதியைவிட 0.7 டெசிபெல் தூக்கலாகிறது. மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் தடித்தும், பாடகர் குரல் ஒரு இழை பின்வாங்கியும் கேட்கலாம். இதை வால்யூம் குமிழால் சரிசெய்ய முடியாது. இரண்டரை ஸ்கொயரில் இந்த வித்தியாசம் 0.15 டெசிபெல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அதைக் கேட்டுச் சொல்லும் காது இல்லை.

ஆகவே பொறியாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒயரின் போய்வரும் தடை, ஸ்பீக்கரின் ஓமில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2. பத்து மீட்டர் ஹாலில் முதலாவதற்கு ஒன்றரை ஸ்கொயர் தாராளம், இரண்டாவதற்கு இரண்டரை. இதற்கு மேல் தடிப்பதில் தவறில்லை, பலனும் இல்லை.

இந்தக் கணக்கைக் காதால் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1983-ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகைக்காக லாரன்ஸ் கிரீன்ஹில், எந்த ஒயர் ஓடுகிறது என்று சொல்லாமல் ஆட்களைக் கேட்கவைத்தார். விலைமிகுந்த ஸ்பீக்கர் கேபிள் ஒன்று, மேசைவிளக்குக்குப் போடும் சாதாரணத் தடித்த ஒயர் ஒன்று, மிக மெல்லிய ஒயர் ஒன்று. எல்லாச் சுருதியும் கலந்த இரைச்சலை ஓடவிட்டபோது மெல்லியதை அடையாளம் கண்டுபிடித்தார்கள். விளக்கு ஒயரையும் விலைமிகுந்த கேபிளையும் இசையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நீளத்தில் ஒயர் வேண்டும், இல்லாவிட்டால் ஒலி முன்பின்னாக வரும் என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் ஒன்று நாலு மீட்டர், மற்றது பத்து. அந்த ஆறு மீட்டர் வித்தியாசத்தை மின்குறிப்பு கடக்கும் நேரத்தில், காற்றில் ஒலி நகர்வது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலையைக் கொஞ்சம் அசைத்தால் அதைவிடப் பல நூறு மடங்கு மாறிவிடுகிறது. உயர்சுருதி மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடும் என்பதும் உண்மைதான். ஆனால் காது கேட்கும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸிலும் அந்தத் தோல் அரை மில்லிமீட்டர் ஆழம். நம் ஒயருக்கு அது பொருட்டே அல்ல.

எத்தனை மாற்றுச் செம்பு

தங்கத்துக்கு மாற்று உரைப்பதுபோலச் செம்புக்கும் உரைத்துப் பார்க்கும் வழக்கம், தந்திக் காலத்தில் வந்தது. 1857-ல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், அட்லாண்டிக் கடலடிக் கேபிளுக்காக வந்த செம்பு மாதிரிகளை அளந்தார். பார்வைக்கு ஒன்றேபோல இருந்த கம்பிகள் மின்சாரம் கடத்துவதில் பெரிதும் வேறுபட்டன. சிறு கலப்படமே போதும், செம்பு சண்டித்தனம் செய்யும். அதன்பின் கேபிளுக்கு வாங்கும் செம்பைத் தரம் பார்த்து வாங்கினார்கள். 1870-71-ல் நம் சென்னைக் கரையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வங்கக் கடலுக்கடியில் போன கேபிள், அந்த அனுபவம் கைவந்த பிறகு இழுக்கப்பட்டது.

1913-ல் உலகத்துக்குப் பொதுவான அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள்: நன்கு பதப்படுத்திய செம்புக்கு 100 சதவீதக் கடத்துதிறன். இன்று வீட்டு வயரிங்குக்கு வரும் நல்ல செம்பு அந்த நூறைத் தொட்டுவிடுகிறது. 'ஆக்சிஜன் நீக்கிய செம்பு' என்று தனி விலை வைத்து விற்பது எவ்வளவு? 101. ஒரு சதவீதம். பத்து மீட்டர் ஒயரைப் பத்து சென்டிமீட்டர் குறைத்து வெட்டினாலே அந்த ஒரு சதவீதம் வந்துவிடும்.

கவனிக்க வேண்டிய மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லிய செம்புத் தோல் போர்த்திய ஒயர், செம்பு ஒயர் என்ற பெயரில் சந்தையில் ஏராளமாக ஓடுகிறது. அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒன்றரை ஸ்கொயர் என்று வாங்கியது ஒரு ஸ்கொயர் வேலையைத்தான் செய்யும். கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு போதும். பத்து மீட்டர் ஒன்றரை ஸ்கொயர் இரட்டை ஒயரில் செம்பு மட்டும் 270 கிராம் இருக்க வேண்டும். அலுமினியம் என்றால் அதில் பாதிகூட இராது. தராசு இல்லையா, ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் பரிந்துரை எளிது. எலக்ட்ரிக்கல் கடையில் ஐஎஸ் 694 எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உள்ள, பல இழை கொண்ட ஃபிளெக்சிபிள் ஒயர், இரண்டு கோர், ஒன்றரை அல்லது இரண்டரை ஸ்கொயர். வாங்கியதும் இரு முனையிலும் 'ஸ்பீக்கர்' என்று எழுதி டேப் ஒட்டுங்கள். பார்வைக்கு அது மின் ஒயர்போலவே இருக்கும். நாளை வரும் எலக்ட்ரீஷியனுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும்.

தி.நகரிலோ மாம்பலத்திலோ இருப்பவர்கள் இத்தோடு ஒயர் பேச்சை முடித்துக்கொள்ளலாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு விஷயம் இனிமேல்தான் ஆரம்பம்.

உப்பு ஜாடி

இடது ஸ்பீக்கர் மங்கியபோது நான் முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஒரு மல்டிமீட்டரை எடுத்தேன். கைபேசிச் செயலியிலிருந்து 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் முனையில் அளந்தால் 2.83 வோல்ட். அதே நேரம் ஸ்பீக்கர் முனையில் 2.4. நடுவில் 0.43 வோல்ட் காணாமல் போகிறது. அந்தச் சுருதியில் என் ஸ்பீக்கரின் மறிப்பு சுமார் 7 ஓம். கணக்குப் போட்டால் வழியில் ஏறக்குறைய 1.25 ஓம் தடை நிற்கிறது. இரண்டரை ஸ்கொயர் ஒயருக்கு உரியது 0.14. மிச்சம்?

ஸ்பீக்கரின் பின்னால் திருகைத் தளர்த்தி ஒயரை உருவினேன். நுனி இழைகள் பச்சை. பாசிபோலப் பூத்த பச்சை, விரலில் ஒட்டிக்கொண்டது. உறையை இரண்டு சென்டிமீட்டர் சீவினால் உள்ளே கறுப்பு. இன்னும் ஐந்து சென்டிமீட்டர் வெட்டினேன், அப்போதும் கறுப்பு. ஒரு சாணுக்கு மேல் வெட்டிய பிறகே சிவந்த செம்பு கண்ணில் பட்டது.

நம் சமையலறைக்கு இது புதிதல்ல. இதற்குப் பெயர் களிம்பு. பாட்டி காலத்துச் செம்புக் குடத்திலும் பித்தளை அடுக்கிலும் படிவது இதுதான். உயிரோடு ஒட்டிப் பிறந்த ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பில் களிம்பையே உவமையாகச் சொன்னார்கள். தேய்த்தால் போகும், விட்டால் வரும்.

கடலோரத்தில் அது வேகமாக வரக் காரணம் உண்டு. அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து நுண்ணிய உப்புத் துளிகள் காற்றில் ஏறுகின்றன. பிற்பகல் கடற்காற்று அவற்றை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. கரையை ஒட்டிய சில நூறு மீட்டரில் படிவு மிக அதிகம், உள்ளே போகப் போகச் சட்டென்று குறையும். எங்கள் பகுதியில் ஜன்னல் கம்பியும் ஏசியின் வெளிப்பெட்டியும் எவ்வளவு சீக்கிரம் அரிக்கின்றன என்பது குடியிருப்போருக்குத் தெரியும்.

உப்பு படிந்தால் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். அந்த ஈரத்தை உப்பே தேடிக்கொள்கிறது. கல் உப்பு போட்ட ஜாடி மழைக்காலத்தில் கசிந்து நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். சென்னையில் காற்று அதற்கும் கீழே காய்வது அபூர்வம். ஆக, ஒயர் முனையில் படிந்த உப்பு வருடம் முழுக்க ஈரமாகவே இருக்கிறது. பல இழை ஒயர் விளக்குத் திரிபோல அந்த உப்புநீரை உறைக்குள் உறிஞ்சி ஏற்றுகிறது. ஒரு சாண் கறுத்துப்போனது அப்படித்தான்.

செம்புப்போர்வை அலுமினிய ஒயர் என்றால் இன்னும் மோசம். வெட்டிய முனையில் இரண்டு உலோகமும் உப்புநீரில் சேர்ந்து நிற்கின்றன. அது ஒரு சின்ன பேட்டரி. அந்த பேட்டரியில் அலுமினியம் கரைந்துகொண்டே போகும்.

எழும்பூரின் வெண்கலங்கள்

இதே பச்சையோடு போராடிய இடம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சோழர் காலத்து வெண்கலங்களைப் பார்க்கப் போகிறவர்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் உழைத்ததை அறிவதில்லை. 1930-ல் எஸ். பரமசிவன் பொறுப்பில் அது தொடங்கியது. மண்ணுக்கடியில் நூற்றாண்டுகள் கிடந்து வந்த சிலைகளில் உப்பு ஊறியிருக்கும். வெளியே எடுத்து, துடைத்து, மேடையில் வைத்த பிறகும் வெளிர்பச்சைப் பொடி பூத்து உதிரும். வெண்கல நோய் என்று அதைச் சொல்கிறார்கள்.

நோய் என்ற பெயர் பொருத்தமானது. உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் வந்ததும் அது பச்சைக் களிம்பாக மாறுகிறது. மாறும்போது அமிலத்தை வெளியே விடுகிறது. அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடு சேர்மம் ஆகிறது. குளோரைடு தீர்ந்துபோவதே இல்லை, சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. மேலே தேய்த்துப் பயனில்லை என்று கண்டு, சிலையை மின்கரைசலில் வைத்து உள்ளிருக்கும் குளோரைடையே வெளியே இழுத்தார்கள் அந்த ஆய்வுக்கூடத்தில்.

ஒயருக்கு அவ்வளவு வைத்தியம் தேவையில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். பச்சை பூத்த முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டினால் மூன்றே மாதத்தில் மறுபடி வரும். புளி போட்டுத் துலக்கினால் குடம்போல மின்னும். ஆனால் குடத்தைக் கழுவலாம், இழைகளுக்கு நடுவே ஊறிய புளி அமிலத்தைக் கழுவ முடியாது. சிவந்த செம்பு வரும்வரை வெட்டிவிடுவதே வழி.

தொடும் இடம்

இரண்டு உலோகங்கள் திருகின் கீழ் இறுக ஒட்டியிருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவை முழுமையாக ஒட்டுவதே இல்லை. எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் நுண்ணோக்கியில் உலோகப் பரப்பு மலையும் பள்ளமும்தான். ஒரு மலைத்தொடரை இன்னொன்றின் மேல் கவிழ்த்து வைத்ததுபோல, சில சிகரங்கள் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. மொத்த மின்னோட்டமும் அந்தச் சிகரங்களில் நெருக்கியடித்துக் கடக்கிறது. இப்படித் தொடும் இடத்தில் பிறக்கும் தடையைத் தொடுதடை என்று அழைப்போம். சுவீடனில் பிறந்து ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்த ராக்னர் ஹோம், இதை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

சுத்தமான, இறுகிய இணைப்பில் தொடுதடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும், கணக்கிலேயே வராது. சிகரங்களுக்கு நடுவே களிம்பு நுழைந்துவிட்டால் அது ஓம் கணக்கில் ஏறும். ஸ்பீக்கர் அதிரும்போது சில சிகரங்கள் விட்டுவிட்டுத் தொடும், கரகரப்பு அதுதான். ஒயரை அசைத்தால் சரியானதும் அதனால்தான், புதிய சிகரங்கள் தொட்டன. செம்பின் ஆக்சைடு கெட்ட கடத்தி மட்டுமல்ல, ஒருபக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் மின்சாரத்தை விடும் குணமும் அதற்கு உண்டு. 1920களில் அதைக் கொண்டே மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் கருவிகள் செய்தார்கள்.

தங்கமுலாம் ஏன் என்பதற்கும் இங்கேதான் விடை. தங்கம் செம்பைவிட நல்ல கடத்தி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, செம்பே மேல். ஆனால் தங்கத்தில் களிம்பு ஏறாது. சிகரங்கள் சுத்தமாகவே இருக்கும். ஆகவே தங்கத்தின் இடம் ஒயரின் நீளத்தில் அல்ல, முனையில். அங்கேயும் நூறு ரூபாய் முலாமுக்கும் ஐயாயிரம் ரூபாய் முலாமுக்கும் இசையில் வித்தியாசமில்லை. முலாம் தேய்ந்து அடி உலோகம் தெரிந்தால் இரண்டையும் மாற்ற வேண்டியதுதான்.

முனை கட்டுவது

வாழைப்பழ பிளக் என்று கடையில் கேட்டால் தருவார்கள். நடுவில் புடைத்த 4 மில்லிமீட்டர் முள், சொருகும்போதே துளையின் சுவரை உரசிச் சுத்தம் செய்துகொள்ளும். மாதம் ஒருமுறை உருவிச் சொருகினாலே பாதி வேலை முடிந்தது. ஒரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டு இரண்டு-பின் பிளக்கின் முள்ளும் 4 மில்லிமீட்டர்தான். ஆம்ப்ளிஃபயரில் ஒரு முனை இருக்க, மறுமுனையைத் தவழும் குழந்தை சுவர்த் துளையில் சொருகிவிட முடியும். குழந்தை உள்ள வீட்டில் வெறும் ஒயரையே திருகில் மாட்டுங்கள். சுருள்வில் கிளிப்புக்கு அழுத்தம் குறைவு, கடலோரத்துக்கு ஏற்றதல்ல.

ஒயர் நுனியில் ஈயம் வைத்துவிட்டால் களிம்பு வராது என்று நானும் ஒருமுறை செய்தேன். பற்றாசு ஈயம் மென்மையானது. திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும். சில மாதத்தில் திருகு தளரும். அதைவிட, இழைகளை ஒரு சிறு உலோகக் குப்பியில் நுழைத்துக் கிரிம்ப் செய்வது நல்லது. உள்ளே இழையும் குப்பியும் காற்றுப் புகாதபடி நசுங்கி ஒன்றாகின்றன; உப்பு போக வழியில்லை. குப்பியும் உறையும் சேரும் இடத்தில் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். மாட்டி இறுக்கிய பிறகு வெளியே ஒரு விரல் வாஸ்லின், நம் மெக்கானிக்குகள் வண்டி பேட்டரி முனையில் தடவுவார்களே அதுபோல. கிடைத்தால் வெள்ளீயம் பூசிய செம்பு இழை ஒயரை வாங்குங்கள். கப்பலிலும் படகிலும் அதைத்தான் போடுகிறார்கள்.

முனை கட்டியபின் சிவப்பும் கறுப்பும் மாறிவிடவில்லை என்று பார்க்க வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியின் இரு முனையில் கணநேரம் தொடுங்கள். சிவப்பு ஒயர் பேட்டரியின் கூட்டல் முனையில் பட்டால் பெரிய கூம்பு உங்களை நோக்கி எழும்ப வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைந்தால் சரி.

எங்கள் இடது ஸ்பீக்கருக்கு இவ்வளவும் செய்துவிட்டு மறுபடி அளந்தேன். ஆம்ப்ளிஃபயரில் 2.83, ஸ்பீக்கரில் 2.78. அன்று மாலை போட்ட கச்சேரியில் தம்புரா இரண்டு பக்கமும் சமமாக நின்றது.

வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன் நுனியைப் பார்த்து, கறுத்திருந்தால் வெட்டி, புதுக் குப்பி போடுகிறேன். அதற்காகவே ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு மீட்டர் ஒயரைச் சுருட்டி விட்டிருக்கிறேன். அந்த ஒரு மீட்டருக்கு ஆகும் கூடுதல் தடை 0.014 ஓம்.